பழைய வால்சக்கர விமானத்துக்கு டிஸ்க் பிரேக் மாற்றுவது: முதன்முறை கை வைப்பவர்களுக்கு

காவிரி டெல்டாவிலிருந்து விமானப் பராமரிப்பு படிக்கப் போகும் பிள்ளைகள் வகுப்பில் பார்ப்பது பெரும்பாலும் ஏர்பஸ், போயிங் சமாசாரம். சக்கரம் வழுக்காமல் பார்த்துக்கொள்ள அதில் தனி மின்னணு ஏற்பாடே உண்டு. படிப்பை முடித்து வந்தவர் கையில் இரண்டு பேர் உட்காரும் பழைய துணி போர்த்திய விமானம் ஒன்று வந்து சேர்ந்தால், அதன் சொந்தக்காரர் சொல்லும் முதல் குறை அநேகமாக, "பிரேக்கே பிடிக்கமாட்டேங்குது" என்பதாக இருக்கும். 1938-இல் வந்த பைப்பர் ஜே-3 கப், 1945-இல் வந்த ஏரோங்கா சாம்ப், 1946-இன் செஸ்னா 140 எல்லாம் இந்த ரகம். பெங்களூரு எச்ஏஎல் செய்து 1958-இல் முதன்முதலாகப் பறந்த நம் புஷ்பக்கும் இதே குடும்பத்துப் பிள்ளைதான். நம் பறக்கும் கழகங்களில் எத்தனையோ பைலட்டுகள் பழகியது அதில்தான். எனக்கு இந்தச் சின்ன விமானங்கள் மேல் பிரியம் அதிகம். அவை நல்லபடியாக ஓட வேண்டும், அவற்றில் ஏறுகிறவர்கள் பத்திரமாக இறங்க வேண்டும் என்பதற்காகத்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

பிரேக் எதற்கு என்பதில் தெளிவாகுங்கள்

முன்னால் இரண்டு பெரிய சக்கரம், வாலில் ஒரு குட்டிச் சக்கரம். இதுதான் வால்சக்கர விமானம். டெல்டாவில் டிராக்டர் ஓட்டிச் சேற்றுழவு செய்தவர்களுக்கு இதன் பிரேக்கைப் புரியவைப்பது சுலபம். டிராக்டரில் இடது சக்கரத்துக்கு ஒரு பிரேக், வலது சக்கரத்துக்கு ஒரு பிரேக். வரப்போரம் வந்ததும் ஒரு பக்கத்தை மட்டும் மிதித்தால் வண்டி அந்த இடத்திலேயே திரும்பும். ரோட்டில் ஏறும்போது இரண்டு பெடலையும் கொக்கி போட்டுச் சேர்த்துவிடுவோம். விமானத்திலும் அதே தனித்தனி பிரேக்தான், ஆனால் சேர்க்கும் கொக்கி கிடையாது. எந்த வேகத்திலும் இரண்டு காலும் தனித்தனியாகத்தான் வேலை செய்யும்.

இங்கேதான் ஆபத்து இருக்கிறது. வால்சக்கர விமானத்தின் எடை மையம் முன்சக்கரங்களுக்குப் பின்னால் விழுகிறது. ஓடும்போது மூக்கு கொஞ்சம் ஒரு பக்கம் திரும்பினால், பின்னால் இருக்கும் எடை அந்தத் திருப்பத்தை இன்னும் பெரிதாக்கப் பார்க்கும். சமாளிக்காவிட்டால் விமானம் சுழன்றுவிடும். பைலட்டுகள் இதை கிரவுண்ட் லூப் என்பார்கள். இறக்கை தரையில் உரசும், சக்கரக் கால் மடங்கும். இன்னொன்று, இரண்டு பிரேக்கையும் பலமாகப் பிடித்தால் வால் மேலே தூக்கி மூக்கு தரையில் குத்தும். ப்ரொப்பெல்லர் தரையில் அடித்துவிட்டால் அதை மட்டும் மாற்றிக் கிளம்ப முடியாது, இன்ஜினையும் பிரித்துப் பார்த்தாக வேண்டும். செஸ்னா 140-இல் சக்கரங்களைச் சற்று முன்னால் தள்ளிப் பொருத்த ஒரு நீட்டிப்புத் துண்டு போடும் வழக்கம் வந்ததே இந்த மூக்குக் குத்தலுக்குப் பயந்துதான்.

ஆகவே "பலமான பிரேக்" என்று யாராவது ஆசை காட்டினால் அந்தப் பேச்சை அப்படியே விட்டுவிடுங்கள். நமக்கு வேண்டியது இரண்டு பக்கமும் ஒரே அளவு பிடிப்பு, மிதிக்க மிதிக்கச் சீராகக் கூடும் பிடிப்பு, காலை எடுத்தால் உடனே விட்டுவிடும் பிடிப்பு. புறப்படுவதற்கு முன் இன்ஜினை நிமிடத்துக்கு 1,500 முதல் 1,700 சுற்று அளவில் வைத்து மேக்னெட்டோவை, அதாவது இன்ஜினுக்குத் தீப்பொறி தரும் பாகத்தை, சோதிக்கும்போது விமானத்தை நகராமல் நிறுத்தினால் போதும். அதற்கு மேல் உள்ள பலமெல்லாம் இந்த விமானத்துக்கு எதிராகத் திரும்பக்கூடியது.

உண்மையிலேயே மாற்ற வேண்டுமா?

முதலில் இப்போது என்ன இருக்கிறது என்று பாருங்கள். ஏரோங்கா சாம்ப் போன்றவற்றில் கேபிள் இழுத்து, ஷூ எனும் வளைந்த கட்டையை விரிக்கும் டிரம் பிரேக் இருக்கும். ஜே-3 கப்பில் ஒரு வினோதமான ஏற்பாடு: டிரம்முக்குள் வட்டமாக ஒரு ரப்பர் குழாய், எண்ணெய் அழுத்தத்தில் அது உப்பி, சுற்றியுள்ள லைனிங் (உராய்ந்து பிடிக்கும் பட்டை) கட்டைகளை டிரம்மில் அழுத்தும். செஸ்னா 140-இல் குட்இயர் டிஸ்க் பிரேக். அதில் டிஸ்க் சக்கரத்தோடு இறுகப் பிணைக்கப்படாமல், பல் போன்ற சாவிகளில் கோத்து மிதந்துகொண்டிருக்கும். சாவி தேய்ந்துவிட்டால் கடகடவென்று சத்தம் வரும்.

கேபிள் டிரம் பிரேக் பிடிக்கவில்லை என்றால் முக்கால்வாசிக் காரணம் பிரேக் வடிவமைப்பில் இருக்காது. கேபிள் தளர்ந்திருக்கும், உறைக்குள் துருப்பிடித்து இறுகியிருக்கும், லைனிங் மேல் சக்கர கிரீஸ் கசிந்திருக்கும், அல்லது லைனிங் கண்ணாடி மாதிரி பளபளத்துப் போயிருக்கும். இவற்றைச் சரிசெய்து, ஷூவின் வளைவை டிரம்மின் வளைவுக்குப் பொருந்தும்படி தேய்த்துப் போட்டால் பழைய பிரேக்கே இன்னும் பல காலம் உழைக்கும். எடை குறைந்த விமானத்துக்கு அது தாராளமாகப் போதும். நான் எப்போதும் முதலில் இதைச் செய்து பார்க்கத்தான் சொல்வேன். உதிரிபாகம் கிடைக்கவே இல்லை, டிரம்மில் விரிசல், ரப்பர் குழாய் அடிக்கடி கசிகிறது, அல்லது ஆளுக்கு ஆள் மாறி ஓட்டும் பயிற்சி விமானம் என்ற நிலை வந்தால், அப்போது டிஸ்க் பிரேக்குக்குப் போவது நியாயம்.

காகித வேலை ஸ்பேனருக்கு முன்னால்

இந்தியாவில் விடி (VT) என்று தொடங்கும் பதிவெண் உள்ள விமானத்தில், பிரேக்கை வேறு வகைக்கு மாற்றுவது வடிவமைப்பு மாற்றம். சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏவின் ஒப்புதலோ ஏற்போ இல்லாமல் செய்தால் அந்த விமானத்தின் பறக்கும் தகுதியே கேள்விக்குறியாகிவிடும். கிளீவ்லேண்ட், குரோவ் போன்ற நிறுவனங்கள் பழைய சிறு விமானங்களுக்கென்று டிஸ்க் பிரேக் கிட் விற்கின்றன. அமெரிக்க ஒழுங்குமுறை அமைப்பு தந்த துணை வகைச் சான்றிதழோடு, அதாவது இந்த மாற்றத்துக்கான ஒப்புதலோடு, வருகிற கிட்டாகப் பார்த்து வாங்குங்கள். அந்தச் சான்றிதழ் எந்த மாடலுக்கு, எந்த வரிசை எண்களுக்கு, எந்த அச்சுக்கு என்று வரி வரியாகப் படியுங்கள். "சாம்புக்குப் பொருந்துது, இதுக்கும் பொருந்தும்" என்பது பேச்சுக்குச் சரி, லாக் புத்தகத்தில் செல்லாது. டிஜிசிஏ ஏற்பு கையில் வந்த பிறகுதான் பழையதைக் கழற்ற வேண்டும். வேலை முழுக்க உரிமம் பெற்ற பராமரிப்புப் பொறியாளரின் கண்காணிப்பில் நடக்க வேண்டும், கையெழுத்தும் அவருடையது. நீங்கள் படித்துக்கொண்டிருப்பவர் என்றால் அவர் பக்கத்தில் நின்று கற்றுக்கொள்ளுங்கள். இதைவிட நல்ல வகுப்பு கிடைக்காது.

நம் பக்கத்தில் ஒரு சலனம் வரும், அதையும் சொல்லிவிடுகிறேன். திருவெறும்பூர், துவாக்குடி வட்டாரத்தில் பெல் நிறுவனத்துக்கு வேலை செய்து பழகிய பட்டறைகள் நிறைய. பிரேக்கைச் சக்கரக் காலில் தாங்கிப் பிடிக்கும் டார்க் பிளேட் ஒன்றைக் கொண்டுபோய்க் காட்டினால், "இதென்ன தம்பி பெரிய விஷயம், சாயங்காலம் வந்து வாங்கிக்கோ" என்பார்கள். கைத்திறமையில் சந்தேகமே வேண்டாம். ஆனால் விமானத்தில் போகும் பாகத்துக்கு எந்த உலோகம், எந்தச் சூட்டுப் பதம், யார் சான்று என்ற தடம் வேண்டும். அந்தத் தடம் பட்டறையில் கிடைக்காது. ஜாக் வைக்கும் முக்காலி, பேரிங் கப் தட்டும் கட்டை, வாலைத் தூக்கி வைக்கும் குதிரை என்று கருவிகளையெல்லாம் அவர்களிடம் தாராளமாகச் செய்துகொள்ளுங்கள். நானும் அங்கேதான் செய்துகொள்கிறேன். விமானத்தோடு பறக்கும் பாகம் மட்டும் கிட்டிலிருந்தே வரட்டும்.

எதை எதோடு சேர்ப்பது

காலிப்பரை (டிஸ்க்கை இரண்டு பக்கமும் கவ்வும் பாகம்) மட்டும் மாற்றிவிட்டுப் பழைய மாஸ்டர் சிலிண்டரை (பெடலை மிதித்ததும் எண்ணெயைத் தள்ளும் பாகம்) வைத்துக்கொள்ளலாமா என்று எல்லாரும் கேட்பார்கள். கணக்குப் போட்டால் பதில் கிடைத்துவிடும். மாஸ்டர் சிலிண்டர் பிஸ்டனின் விட்டம் 12.7 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அதன் பரப்பு சுமார் 1.27 சதுர சென்டிமீட்டர். காலிப்பர் பிஸ்டனின் விட்டம் 38 மில்லிமீட்டர் என்றால் பரப்பு சுமார் 11.3. ஒன்றுக்கு ஒன்பது. மாஸ்டர் சிலிண்டரில் 15 கிலோ விசை கொடுத்தால் லைனிங்கில் ஏறக்குறைய 135 கிலோ விசை கிடைக்கும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் காலிப்பர் பிஸ்டன் அரை மில்லிமீட்டர் நகர மாஸ்டர் பிஸ்டன் நாலரை மில்லிமீட்டர் நகர வேண்டும். காலிப்பர் பெரிதாக ஆக, பெடல் அதிக தூரம் போகும், பிடிப்பு மிருதுவாகத் தோன்றும். மாஸ்டர் சிலிண்டர் தள்ளும் எண்ணெயின் அளவு போதவில்லை என்றால் பெடல் தரையில் இடித்து நின்றுவிடும், பிரேக் பாதிதான் பிடித்திருக்கும். கிட் செய்தவர் எந்த மாஸ்டர் சிலிண்டரைக் குறிப்பிட்டிருக்கிறாரோ அதையே போடுங்கள்.

பழைய விமானங்கள் பலவற்றில் பிரேக் பெடல் குதிகாலுக்கு அடியில் இருக்கும். ரட்டர் (வாலில் இருந்து மூக்கைத் திருப்பும் பலகை) பெடலைப் பாதத்தின் முன்பகுதியால் அழுத்திக்கொண்டு பிரேக்கைக் குதிகாலால் தேட வேண்டும். ரட்டர் பெடலின் மேல் விளிம்பிலேயே பிரேக் வைத்த நவீன ஏற்பாட்டுக்கு மாறலாமே என்று பலருக்குத் தோன்றும். என் கருத்து, குதிகால் பிரேக்கை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். இறங்கும் அவசரத்தில் ரட்டரை மிதிக்கும்போது தெரியாமல் பிரேக்கும் சேர்ந்து அழுந்திவிடும் வாய்ப்பு அதில் குறைவு. மாற்று வேலையும் பாதியாகக் குறையும்.

லைனிங்கில் ஆர்கானிக், உலோகக் கலப்பு என்று இரண்டு வகை உண்டு. எடை குறைந்த வால்சக்கர விமானத்துக்கு ஆர்கானிக் போதும். டிஸ்க்கில் சாதா எஃகு, குரோம் பூசியது என்று இரண்டும் கிடைக்கும். அங்கீகாரத்தில் இடம் இருந்தால் நம் ஊருக்குக் குரோம்தான். ஐப்பசி, கார்த்திகையில் ஒரு வாரம் மூடி வைத்த விமானத்தின் சாதா டிஸ்க்கைப் பார்த்தால் செம்மண் பூசியதுபோல் துரு ஏறியிருக்கும்.

கழற்றுவது

இந்தப் பகுதியை இரண்டு முறை படியுங்கள். இதில் உயிர் போகும் இடம் ஒன்று இருக்கிறது.

விமானத்தை ஹேங்கருக்குள் காற்றடிக்காத இடத்தில் நிறுத்தி, வாலைக் கட்டி, கழற்றப்போகாத சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்து, கையேடு சொல்லும் இடத்தில் மட்டும் ஜாக் வையுங்கள். பெரும்பாலான சிறு விமானச் சக்கரம் இரண்டு பாதிகளைப் போல்ட் போட்டுச் சேர்த்தது. டயருக்குள் காற்று இருக்கும்போது அந்த போல்ட்டுகளைத் தளர்த்தினால் இரண்டு பாதியும் வெடித்துப் பிரியும். எதிரில் இருப்பவரின் முகத்திலோ நெஞ்சிலோ வந்து பாயும். சக்கரத்தை அச்சிலிருந்து எடுப்பதற்கு முன்பே காற்றை முழுவதும் இறக்குங்கள். அப்புறம் வால்வின் உள்ளே இருக்கும் கோர் எனும் ஊசியையும் கழற்றி, கையால் டயரை அமுக்கிப் பார்த்துவிட்டுத்தான் போல்ட்டைத் தொடுங்கள். உதவிக்கு நிற்பவர் அனுபவசாலியாக இருந்தாலும் நீங்களே ஒரு முறை அமுக்கிப் பாருங்கள்.

பழைய டிரம்மைத் திறந்தால் உள்ளே கறுப்பாகத் தூள் படிந்திருக்கும். அந்தக் காலத்து லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கலாம். கம்ப்ரஸர் காற்றால் ஊதவே கூடாது. முகக்கவசம் போட்டு, ஈரத் துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டிப் பத்திரமாக அப்புறப்படுத்துங்கள். வாயால் ஊதுகிற பழக்கம் நம்மிடம் உண்டு. அதையும் விட்டுவிட வேண்டும்.

கழற்றிய பழைய பாகம் ஒவ்வொன்றையும் எடை போட்டு எழுதி வையுங்கள். புதியதையும் அதேபோல். கடைசியில் எடை, சமநிலைக் கணக்கைத் திருத்த இந்த எண்கள்தான் வேண்டும்.

அச்சு வெளியே வந்ததும் நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். கிரவுண்ட் லூப் ஆன விமானம் என்றால் அச்சு வளைந்திருக்கும், அல்லது அது கால் கம்பியில் சேரும் வெல்டில் மயிரிழை விரிசல் இருக்கும். இரண்டு சக்கரமும் ஒன்றுக்கொன்று இணையாக ஓடுகின்றனவா என்பதையும் இப்போதே அளந்துவிடுங்கள். சக்கரம் கோணலாக இருந்து விமானம் ஒரு பக்கம் இழுப்பதைப் பல பேர் பிரேக் மேல் பழி போடுகிறார்கள்.

பொருத்துவது

சக்கரத்தில் பேரிங் கப்பைச் சுத்தியலால் அடித்து ஏற்றாதீர்கள். சக்கரப் பாதியைக் கொதிக்கும் தண்ணீரில் போட்டுச் சூடாக்கினால் உலோகம் விரிந்து, கப் வழுக்கிக்கொண்டு உட்காரும். பேரிங்கில் கையேடு சொல்லும் கிரீஸை உள்ளங்கையில் வைத்து உருளைகளுக்கிடையே ஏறும்வரை அழுத்தித் திணியுங்கள். அச்சு நட்டை முறுக்கும்போது சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே இருங்கள். லேசான இழுவை தெரிந்ததும் கையேடு சொல்கிறபடி தளர்த்தி, அடுத்த துளையில் புது ஸ்பிளிட் பின் போடுங்கள். பழைய பின்னை நிமிர்த்தித் திரும்பப் போடக் கூடாது.

சக்கரக் காலில் டார்க் பிளேட் போல்ட் செய்யப்படும். அதில் இருக்கும் இரண்டு ஓட்டைகளில் காலிப்பரின் இரண்டு பின்கள் வழுக்கி நகர வேண்டும். இந்த நகர்வுதான் டிஸ்க் பிரேக்கின் உயிர். பிஸ்டன் ஒரு பக்கம் மட்டும் தள்ளும், காலிப்பர் நகர்ந்து வந்து மறுபக்க லைனிங்கையும் டிஸ்க்கில் சேர்க்கும். பின்னில் துரு, பெயின்ட், வயல் மண் ஏதாவது இருந்தால் காலிப்பர் சிக்கிக்கொள்ளும். ஒரு லைனிங் மட்டும் தேயும், அந்தப் பக்கச் சக்கரம் எப்போதும் கொஞ்சம் பிடித்துக்கொண்டே இருக்கும். பொருத்தி முடித்ததும் காலிப்பரை விரலால் தள்ளிப் பாருங்கள். விரலுக்கு அசைய வேண்டும். பின்னில் கனமான கிரீஸ் பூசாதீர்கள், அது புழுதியை வாங்கிப் பிசின் ஆகிவிடும்.

போல்ட்டுகளுக்கு டார்க் ரெஞ்ச் கட்டாயம். அளவு பெரும்பாலும் காலிப்பரிலேயே ஒட்டியிருக்கும். பிரேக் பக்கத்தில் நைலான் அல்லது ஃபைபர் வளையம் வைத்த பூட்டு நட்டுகளைப் போடக் கூடாது. 120 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் அவை பிடியை இழந்துவிடும், பிரேக் அந்தச் சூட்டைச் சுலபமாகத் தாண்டும். முழு உலோக நட்டுதான் வேண்டும்.

எண்ணெய்க் குழாயில் ஒரு விஷயம். குழாய் முனையைக் கூம்பாக விரிப்பதற்கு ஃபிளேர் என்று பெயர். விமான ஃபிட்டிங்குகளின் கோணம் 37 டிகிரி. நம் ஊர் ஃபிரிட்ஜ் மெக்கானிக் வைத்திருக்கும் ஃபிளேர் டூல் 45 டிகிரி. பார்த்தால் வித்தியாசம் தெரியாது, நட்டும் மாட்டும், ஆனால் உட்காரும் இடம் ஒரு கோடு மட்டும்தான். இன்று கசியாது, ஒரு நாள் ஓடுதளத்தில் வைத்துக் கசியும். 37 டிகிரி டூல் இல்லாமல் இந்த வேலையில் இறங்காதீர்கள். சக்கரக் கால் ஏறி இறங்கும் இடத்தில் வளையும் ஹோஸ் வேண்டும். கால் முழுக்கத் தொங்கும் நிலையில் ஹோஸ் இழுபடவும் கூடாது, அமுங்கிய நிலையில் டயரில் உரசவும் கூடாது. ஜாக்கில் இருக்கும்போது ஒரு முறை, தரையில் இறக்கியபின் ஒரு முறை பாருங்கள்.

எண்ணெயும் காற்றும்

இந்தச் சிறு விமான பிரேக்குகளில் போவது 5606 என்ற ராணுவத் தர எண்ணில் அறியப்படும் சிவப்பு மினரல் ஹைட்ராலிக் எண்ணெய். தஞ்சாவூர் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் கிடைக்கும் டாட் 3, டாட் 4 கார் பிரேக் ஆயில் வேறு ஜாதி. அது இந்த பிரேக்கின் நைட்ரைல் ரப்பர் சீல்களை ஊறவைத்துக் கெடுத்துவிடும். திருச்சி விமான நிலையத்தில் வேலை பார்க்கும் நண்பர் அன்போடு தரும் ஊதா நிற ஸ்கைட்ராலும் ஆகாது. அது பெரிய ஜெட் விமானத்துக்கானது, நைட்ரைலையும் கெடுக்கும், தோலையும் எரிக்கும். கேனில் இருக்கும் எண்ணைப் படித்துப் பார்த்து ஊற்றுங்கள். நிறத்தை மட்டும் நம்பினால் போதாது.

காற்றை வெளியேற்றும் வேலையில் கார் மெக்கானிக் வழக்கம் மேலிருந்து கீழே. பெடலை மிதித்து மிதித்து, கீழே திருகைத் திறந்து விடுவார்கள். இங்கே அதைக் கீழிருந்து மேலே செய்யுங்கள். காற்றுக் குமிழி தானாகவே மேலே போகப் பார்க்கும். அது போகும் திசையிலேயே எண்ணெயையும் அனுப்பினால் வேலை சுலபம். எண்ணெய் பம்ப் செய்யும் புதுக் குப்பி ஒன்று, கண்ணாடிபோல் தெரியும் பிளாஸ்டிக் குழாய் இரண்டு இருந்தால் போதும். பூச்சிமருந்து தெளித்த ஸ்பிரேயரை எவ்வளவு கழுவினாலும் இதற்குப் பயன்படுத்தாதீர்கள்.

குப்பியின் குழாயில் முதலில் எண்ணெயை நிரப்பி, நுனியில் சொட்டு வரும்போது காலிப்பரின் கீழ்த் திருகில் மாட்டுங்கள். திருகை முக்கால் சுற்று திறந்து, மெதுவாகப் பம்ப் செய்யுங்கள். காக்பிட்டில் ஒருவர் குனிந்து, மாஸ்டர் சிலிண்டர் தொட்டியிலிருந்து வெளியே போகும் இரண்டாவது குழாயைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். முதலில் எதுவும் வராது. பிறகு குழாய்க்குள் சிவப்பும் வெறுமையும் மாறி மாறி ஏறும். "அண்ணே, இன்னும் முத்து முத்தா வருது" என்று உள்ளேயிருந்து குரல் வந்துகொண்டிருக்கும்வரை பம்ப் நிற்கக் கூடாது. நிறுத்தினால் குமிழி திரும்பக் கீழே வழுக்கிவிடும். குழாய் வளைவுகளை ஸ்பேனர் பிடியால் லேசாகத் தட்டுங்கள், ஒட்டியிருக்கும் குமிழிகள் விடுபடும். முத்து நின்று, குழாய் முழுக்க ஒரே சிவப்பாக ஓடிய பிறகும் கொஞ்சம் பம்ப் செய்துவிட்டுக் கீழ்த் திருகை மூடுங்கள்.

அப்படியும் பெடல் பஞ்சு மாதிரி இருந்தால், வால் தரையில் இருக்கும் நிலையில் எங்கோ ஒரு வளைவு மேடாக நிற்கிறது என்று அர்த்தம். வாலைக் குதிரையில் தூக்கி வைத்து விமானத்தை மட்டமாக்கித் திரும்பச் செய்யுங்கள். பெரும்பாலும் அதோடு சரியாகிவிடும்.

இப்போது மிக நுணுக்கமான ஓர் இடம். மாஸ்டர் சிலிண்டரில், பெடல் முழுவதும் மேலே திரும்பி வந்த நிலையில் மட்டும் திறக்கும் வழி ஒன்று உண்டு. சூட்டில் விரியும் எண்ணெய் அந்த வழியாகத்தான் தொட்டிக்குத் திரும்பும். குதிகால் பெடல் தரைப் பலகையிலோ விரிப்பின் ஓரத்திலோ உரசி ஒரு மில்லிமீட்டர் கீழேயே நின்றுவிட்டால் வழி திறக்காது. டாக்சி செய்யும்போது, அதாவது தரையில் ஓட்டிப் போகும்போது, பிரேக் சூடாகும், எண்ணெய் விரியும், போக இடமில்லாமல் லைனிங்கை அழுத்தும். அதனால் இன்னும் சூடாகும். கடைசியில் ஒரு சக்கரம் தானே பிடித்துக்கொள்ளும். இறங்கி ஓடும்போது இது நடந்தால் என்ன ஆகும் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். ஆகவே பெடல் முழுவதும் மேலே வருகிறதா என்று விரல் விட்டுப் பாருங்கள். இணைப்புக் கம்பியின் நீளத்தைத் திருத்தி, பெடலில் சிறிது வெற்று ஆட்டம் இருக்கும்படி வையுங்கள். ஷூ போட்ட காலோடு உட்கார்ந்து, ரட்டரை இரண்டு பக்கமும் முழுசாக மிதித்தும் பாருங்கள். எந்த நிலையிலும் குதிகால் தானாக பிரேக்கில் ஏறக் கூடாது.

லைனிங்கைப் பழக்குவது

புது லைனிங் முதல் நாளே முழுசாகப் பிடிக்காது. அதைச் சூடேற்றிப் பழக்க வேண்டும். ஆர்கானிக் லைனிங்குக்கு கிளீவ்லேண்ட் சொல்லும் முறை: இன்ஜினை 1,700 சுற்றில் வைத்து, வேகம் மணிக்கு 8 முதல் 16 கிலோமீட்டருக்குள் நிற்கும்படி பிரேக்கைப் பிடித்துக்கொண்டே சுமார் 450 மீட்டர் டாக்சி. பிறகு 10 முதல் 15 நிமிடம் ஆறவிடுவது. ஆறியபின் நின்ற நிலையில் இன்ஜினை ஏற்றிப் பிரேக் தாங்குகிறதா என்று பார்ப்பது. உலோகக் கலப்பு லைனிங்குக்கு 30 முதல் 35 நாட் (மணிக்குச் சுமார் 55 முதல் 65 கிலோமீட்டர்) வேகத்திலிருந்து அடுத்தடுத்து இரண்டு முறை முழுசாக நிறுத்தச் சொல்வார்கள். வால்சக்கர விமானத்தில், புது பிரேக்கை வைத்துக்கொண்டு அதைச் செய்ய எனக்கு மனசு வராது. ஆர்கானிக்கே போதும் என்று முன்னால் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். உங்கள் கிட்டுடன் வந்த தாள் வேறு எண் சொன்னால் அந்தத் தாள் சொல்வதைச் செய்யுங்கள்.

ஸ்டிக் (பைலட் கையில் பிடித்து இயக்கும் கோல்) முழுவதும் பின்னால் இழுத்த நிலையில், அந்த விமானத்தில் பழகிய பைலட்டை வைத்து, முன்னால் ஆள் இல்லாத இடத்தில்தான் இதைச் செய்ய வேண்டும். தஞ்சாவூர் ஓடுதளம் விமானப்படைத் தளத்தினுடையது, 2020-இலிருந்து அங்கே சுகோய்-30 அணி இருக்கிறது. பக்கத்தில் இருக்கிறதே என்று நினைக்க வேண்டாம். வழக்கமாக விமானம் நிற்கும் இடத்தில், அனுமதி வாங்கிய டாக்சி பாதையில் செய்யுங்கள்.

நேராக ஓடவிட்டு இரண்டு பிரேக்கையும் லேசாகச் சேர்த்துப் பிடித்தால் விமானம் ஒரு பக்கம் இழுக்கக் கூடாது. இழுத்தால் அந்தப் பக்கம் பலமாகப் பிடிக்கிறது, அல்லது எதிர்ப்பக்கக் குழாயில் காற்று இருக்கிறது, அல்லது ஒரு டிஸ்க்கில் கிரீஸ் கை பட்டிருக்கிறது. காரணத்தைக் கண்டுபிடிக்காமல், "ஓட ஓடச் சரியாகிவிடும்" என்று பறக்க அனுப்பாதீர்கள். இறங்கி வந்ததும் இரண்டு டிஸ்க்கின் பக்கத்திலும், தொடாமல், புறங்கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். சூடு ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்க வேண்டும்.

நம் ஊர் ஈரத்தில்

லாக் புத்தகப் பதிவு, திருத்திய எடை, சமநிலைத் தாள், கிட்டுடன் வந்த பராமரிப்புக் குறிப்பு எல்லாம் விமானக் கோப்பில் சேர்ந்ததும் வேலை சட்டப்படி முடிந்தது. அதன் பிறகு வருவது பராமரிப்பு.

முதல் சில மணி நேரப் பறப்புக்குப் பின் எல்லா போல்ட்டையும் டார்க் ரெஞ்சால் திரும்பப் பாருங்கள், இணைப்புகளில் சிவப்பு ஈரம் தெரிகிறதா என்று வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். லைனிங் 2.5 மில்லிமீட்டருக்கு வந்துவிட்டால் மாற்றிவிட வேண்டும். அதற்கு மேல் ஓட்டினால் ரிவெட் தலை டிஸ்க்கைக் கீறும். டிஸ்க்கின் குறைந்தபட்சத் தடிமன் கையேட்டில் இருக்கும், மைக்ரோமீட்டரால் அளக்கலாம்.

நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் உப்புக் காற்று. பழைய சக்கரங்களில் சில மெக்னீசியக் கலவையில் செய்தவை. பெயின்ட் உதிர்ந்த இடத்தில் உப்பு பட்டால் வெள்ளைத் தூளாக அரித்துவிடும், அதனால் சக்கரத்தில் பெயின்ட் போன இடங்களை உடனே பூசிவிடுங்கள். மழைக்காலத்தில் புல்தரையில் ஓடினால் நம் களிமண் சக்கர மூடிக்குள் அப்பி, காய்ந்ததும் சக்கரத்தையே பிடித்துக்கொள்ளும். வடகிழக்குப் பருவமழை முடியும்வரை மூடியைக் கழற்றி வைத்துவிடுவது நல்லது, அதற்கும் பொறியாளரிடம் கேட்டுப் பதிவு செய்துகொள்ளுங்கள். கழுவும்போது தண்ணீர்ப் பீய்ச்சலை பேரிங் பக்கம் காட்டாதீர்கள். கழுவியபின் சிறிது தூரம் பிரேக் பிடித்து டாக்சி செய்து டிஸ்க்கைக் காயவைத்துவிட்டு நிறுத்துங்கள்.

நிறுத்தி வைக்கும்போது பார்க்கிங் பிரேக்கை நம்பாதீர்கள். அது எண்ணெய் அழுத்தத்தை அடைத்து வைக்கும் ஏற்பாடு. இரவு குளிர்ந்தால் அழுத்தம் குறைந்து சக்கரம் விட்டுவிடும், மதிய வெயிலில் அழுத்தம் கூடி சீலைச் சோதிக்கும். சக்கரத்துக்குக் கட்டை, இறக்கைக்கும் வாலுக்கும் கயிறு. 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது தென்னைகளையே வேரோடு சாய்த்த காற்று அது. ஐப்பசி பிறப்பதற்கு முன்பே தரையில் அடித்த கட்டு முளைகளை இழுத்துப் பார்த்து, ஆடுகிறவற்றைப் பிடுங்கிப் புதிதாக அடித்துவிடுங்கள்.